துருவப் பனியில் ஆண்டுகளை எண்ணி, விழுந்த வெண்பனியை எடைபோடுவது எப்படி? ஐசோடோப்பு முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அண்டார்க்டிகாவின் ஒரு மூலையில் 1855-ல் எவ்வளவு பனி விழுந்தது? அன்று அங்கே அளக்கக் கருவி இல்லை, ஆளே இல்லை. அந்தக் கண்டத்தில் வானிலை நிலையங்கள் ஓரளவு பரவலாக வந்ததே 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டித்தான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு மில்லிமீட்டர் கணக்கில் பதில் இருக்கிறது. அண்டார்க்டிக் தீபகற்பத்தின் தென்மேற்கில் கோமஸ் என்ற இடத்தில் எடுத்த ஐஸ் கோர், அதாவது ஆழத்தில் இருந்து வெட்டி எடுத்த பனித்தண்டு, 1855 முதல் 1864 வரை ஆண்டுக்குச் சராசரியாக 490 மி.மீ. நீருக்குச் சமமான பனி சேர்ந்ததாகக் காட்டுகிறது. 1997 முதல் 2006 வரையான பத்தாண்டில் அது 1,100 மி.மீ. இரு மடங்குக்கும் மேல்.

இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பலரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். தண்ணீரின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின், எடை மட்டும் வேறான அணு வகை) பனியின் அளவைச் சொல்வதில்லை. அது சொல்வது காலத்தை. எந்த ஆண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் நாட்காட்டி அது. அளவைச் சொல்வது தராசு, அதாவது அடர்த்தி. நாட்காட்டியும் தராசும் தனித்தனி வேலை. இரண்டில் எது பிசகினாலும் கடைசி எண் பிசகிவிடும்.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை? ஏறக்குறைய 36,000 கோடி டன் தண்ணீர் நிலத்தில் இருந்து கடலுக்குப் போனால் உலகக் கடல்மட்டம் 1 மி.மீ. உயரும். அண்டார்க்டிகாவில் ஓராண்டில் விழும் பனியின் எடை இதைப்போலப் பல மடங்கு. அங்கே பனிப்பொழிவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கடல்மட்டக் கணக்கு அசையும். செயற்கைக்கோள் தரவு சில பத்தாண்டுகளுக்குத்தான் உண்டு. அதற்கு முந்தைய காலத்துக்குச் சாட்சி பனிக்கட்டி மட்டும்தான்.

முதலில் சில சொற்கள்

தமிழில் ‘பனி’ என்றால் மார்கழியில் புல்லின் மேல் நிற்கும் துளியும் அதுதான், வானத்தில் இருந்து வெள்ளையாக உதிர்வதும் அதுதான். முன்பனி, பின்பனி என்று காலத்துக்குப் பெயர் வைத்தவர்கள் கண்டது முதல் வகை. இங்கே குழப்பம் வராமல் இருக்க, உதிர்வதை வெண்பனி என்கிறேன். அது ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்ந்து, மேலே உள்ள பாரத்தால் இறுகும்போது ஃபிர்ன். ஃபிர்னில் காற்று போய்வர இன்னும் துளை இருக்கும். துளைகள் மூடிக் காற்று குமிழிகளாக அடைபட்ட பிறகுதான் அது பனிக்கட்டி. துருவத்தின் மேற்பரப்பு வெண்பனி ஒரு கனமீட்டருக்கு 300 முதல் 400 கிலோ எடை இருக்கும். துளை மூடும் இடத்தில் சுமார் 830 கிலோ, முழுப் பனிக்கட்டி 917 கிலோ. இந்த எண்கள் பின்னால் தேவைப்படும்.

உருளைக் குழாய் வடிவத் துரப்பணத்தால் செங்குத்தாக வெட்டி எடுக்கும் பனித்தண்டுதான் ஐஸ் கோர். பொதுவாகக் கைக்கு அடங்காத பருமன், சுமார் 10 செ.மீ. விட்டம். ஓராண்டில் ஓரிடத்தில் நிகரமாகத் தங்கும் பனியைப் பனிப்படிவு என்கிறேன். ‘விழுந்தது’ என்று சொல்லாமல் ‘தங்கியது’ என்பதற்குக் காரணம் உண்டு. விழுந்ததில் ஒரு பகுதியைக் காற்று வாரிக்கொண்டு போகும், ஒரு பகுதி நேரடியாக ஆவியாகும். கோரில் இருப்பது மிச்சம் மட்டுமே.

நாட்காட்டி எப்படி உருவாகிறது

தண்ணீரில் ஆக்சிஜன்-16 தான் மிகுதி. கடல்நீரில் ஒவ்வொரு பத்து லட்சம் ஆக்சிஜன்-16 அணுவுக்கும் சுமார் 2,005 ஆக்சிஜன்-18 அணுக்கள் உண்டு. ஹைட்ரஜனிலும் கனமான டியூட்டீரியம் உண்டு, பத்து லட்சத்துக்குச் சுமார் 156. கனமான மூலக்கூறு ஆவியாவதற்குத் தயங்கும், ஆவியான பின் முதலில் நீராகவோ பனியாகவோ மாறும். வெப்பக் கடலில் கிளம்பிய ஈரக்காற்று துருவத்தை நோக்கிப் போகப் போகக் குளிர்ந்து, வழியெங்கும் மழையாகவும் பனியாகவும் இறக்கிக்கொண்டே போகிறது. கனமானவை முதல் நிறுத்தங்களிலேயே இறங்கிவிடும். கடைசி நிறுத்தத்துக்கு வந்து சேரும் ஆவியில் கனமானவை குறைவு. குளிர் கூடக் கூட இன்னும் குறைவு. ஆகவே குளிர்காலப் பனி இலேசு, கோடைப் பனி அதைவிடக் கனம்.

இதை முதலில் பிடித்தவர் டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட். 1952-ல் கோபன்ஹேகனில் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பீர் பாட்டிலில் புனலைச் செருகி மழைநீரைப் பிடித்தார். மேகத்தின் வெப்பநிலை மாற மாற மழையின் ஐசோடோப்பு அளவும் மாறுவதைக் கண்டார். 1964-ல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறைக்கே அடித்தளம். அந்தப் புனலும் பாட்டிலும்தான் பிறகு கிரீன்லாந்தில் கேம்ப் செஞ்சுரியில் 1966-ல் அடிப்பாறையைத் தொட்ட கோரின் பகுப்பாய்வு வரை அவரைக் கொண்டுபோனது.

அளவீடு டெல்டா என்ற அலகில் சொல்லப்படும். மாதிரியில் கனமான அணுவுக்கும் இலேசான அணுவுக்கும் உள்ள விகிதத்தைக் கடல்நீர்த் தரத்தின் (எல்லோரும் ஒப்பிடப் பயன்படுத்தும் நீர்) விகிதத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, ஆயிரத்தால் பெருக்க வேண்டும். மாதிரியில் பத்து லட்சத்துக்கு 1,961 இருந்தால் 1,961 ÷ 2,005 − 1, பெருக்கல் 1,000. விடை சுமார் மைனஸ் 22. எண் எவ்வளவு மைனஸோ அவ்வளவு குளிர் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 1: இடம் தேர்வு

பாதி வெற்றி இங்கேதான். ஆண்டு அடுக்குகளை எண்ண வேண்டுமானால் நிறையப் பனி விழும் இடம் வேண்டும். கோடையில் உருகும் இடம் கூடாது. உருகிய நீர் கீழே இறங்கி மறுபடி உறைந்தால் ஒரு கோடையின் கணக்கு முந்தைய குளிர்காலத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் பெரிதாக நகராத பனிமேட்டின் உச்சிப் பகுதி நல்லது. இல்லையென்றால் ஆழத்தில் கிடைக்கும் பனி வேறு எங்கோ விழுந்து நகர்ந்து வந்ததாக இருக்கும்.

இந்த வழிகாட்டி முழுக்க உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது கிழக்கு அண்டார்க்டிகாவில், ஆஸ்திரேலியாவின் கேசி நிலையத்துக்கு அருகே உள்ள லா டோம் என்ற பனிமேடு. மேட்டின் உச்சிக்குத் தெற்கே சுமார் 5 கி.மீ. தள்ளி எடுத்த டிஎஸ்எஸ் கோர் 1993-ல் முடிந்தது, நீளம் ஏறக்குறைய 1,200 மீட்டர். ஆண்டுக்கு 600 மி.மீ.-க்கு மேல் பனிப்படிவு உள்ள இடம். அதே மேட்டில் உச்சிக்குக் கிழக்கே 16 கி.மீ. போனால் டிஇ08 என்ற இடம், அங்கே ஆண்டுக்கு 1,100 மி.மீ. புயல்கள் கிழக்கில் இருந்து வந்து மேட்டில் ஏறும்போது அந்தப் பக்கத்திலேயே பெரும்பகுதியை இறக்கிவிடுகின்றன. ஒரே மேடு, இருபது கிலோமீட்டர் இடைவெளி, ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம். ஒரு கோரின் எண்ணை எடுத்து ‘இந்தப் பிராந்தியத்தின் பனிப்பொழிவு’ என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எடுத்த இடத்திலேயே எடை

துரப்பணம் ஒவ்வொரு முறையும் ஒரு மீட்டர் அளவுக்குத் தண்டை வெளியே கொண்டுவரும். வந்தவுடன் செய்ய வேண்டியவை சில. எது மேல் முனை என்று அம்புக்குறி, எந்த ஆழத்தில் இருந்து எந்த ஆழம் வரை என்ற குறிப்பு, நீளம், விட்டம், எடை. அப்புறம்தான் பாலித்தீன் உறை, அட்டைக் குழாய், வெப்பம் புகாத பெட்டி.

எடையைக் களத்திலேயே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் பத்து மீட்டர் ஃபிர்ன் கையில் எடுத்தால் கட்டிச் சர்க்கரை போல உதிரும். பயணத்தில் முனை உடையும், தூள் கொட்டும். ஆய்வகத்துக்கு வந்த பிறகு எடைபோட்டால் கொட்டியதை யாரும் திருப்பித் தர முடியாது. விட்டத்தை ஒரே இடத்தில் அளக்காமல் மூன்று நான்கு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். கன அளவுக்கு விட்டத்தின் இருபடி வருகிறது, அங்கே 2 சதவீதம் பிழைத்தால் அடர்த்தியில் 4 சதவீதம் பிழைக்கும். ஐசோடோப்பை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இந்தப் பிழையைத் திருத்த முடியாது.

இன்னொன்றும் உண்டு. துண்டுகளின் நீளங்களைக் கூட்டினால் துளையின் ஆழத்தோடு அப்படியே பொருந்தாது. உடைந்த இடத்தில் கொஞ்சம் காணாமல் போயிருக்கும். துளையின் ஆழத்தை இடையிடையே தனியாக அளந்து, வித்தியாசத்தை எந்த உடைப்பில் சேர்த்தோம் என்று எழுதிவைக்க வேண்டும்.

படி 3: குளிரறையில் வெட்டுவது

தண்டுகளை மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் இந்த வசதி கோவாவில், வாஸ்கோ ட காமாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையத்தில் இருக்கிறது. கிழக்கு அண்டார்க்டிகாவின் டிரானிங் மாட் லேண்டில் இந்தியக் குழுக்கள் எடுத்த கோர்கள் அங்கேதான் வெட்டப்பட்டுப் பகுப்பாய்வு செய்யப்படுகின்றன.

குளிரறையில் வேலை மெதுவாகவே நடக்கும். தண்டை மேசையில் படுக்க வைத்து முதலில் நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு பட்டையை அறுப்பார்கள். ஒரு பட்டை ஐசோடோப்புக்கு, ஒன்று வேதிப் பொருள்களுக்கு, ஒன்று எதிர்காலத்துக்கு. ஐசோடோப்புப் பட்டையைக் குறுக்கே சிறு துண்டுகளாக அறுக்கும்போது அரிசி மாவு போல வெண்துகள் பறந்து ரம்பத்தின் பல்லிலும் மேசையிலும் கையுறையிலும் ஒட்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு அதைத் துடைத்தே ஆக வேண்டும். அந்தத் துகளில் சிறிது அடுத்த பாட்டிலில் விழுந்தால் ஜூலையும் செப்டம்பரும் கலந்துவிடும். விரல் மரத்துப்போன பிறகு துடைப்பதில் சோம்பல் வரும். அப்போது வெளியே போய்விட்டு வருவதுதான் சரி.

ஒரு துண்டு எவ்வளவு நீளம்? ஓராண்டுக்குக் குறைந்தது 8, முடிந்தால் 12 மாதிரி வேண்டும். அதற்குக் கீழே போனால் சிகரத்தின் நுனி தட்டையாகி இரண்டு கோடைகள் ஒன்றாகத் தெரியலாம். லா டோமில் 20 மீட்டர் ஆழத்தில் ஓராண்டின் அடுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும், 10 செ.மீ. துண்டு போதும். 300 மீட்டரில் அடுக்கு அரை மீட்டராகச் சுருங்கியிருக்கும், 5 செ.மீ. வேண்டும். கீழே போகப் போகத் துண்டு சின்னதாக வேண்டும் என்பதைத் திட்டமிடும்போதே கணக்கில் எடுங்கள்.

வெட்டாமலும் செய்யலாம். சூடான உலோகத் தகட்டின் மேல் பட்டையை நிற்கவைத்து, கீழிருந்து தொடர்ச்சியாக உருக்கி, வரும் நீரை நேரடியாகக் கருவிக்கு அனுப்பும் முறை இப்போது பல ஆய்வகங்களில் உண்டு. வேகமானது. ஆனால் குழாயில் நீர் ஓடும்போது முன்னதும் பின்னதும் கொஞ்சம் கலக்கும். துளை நிறைந்த ஃபிர்னில் உருகிய நீரைப் பனியே மேலே உறிஞ்சிக்கொள்ளும். மேல் பகுதிக்கு வெட்டுவதும் ஆழத்துக்கு உருக்குவதும் என்று பிரித்துக்கொள்வது நல்ல வழி.

படி 4: உருக்கி அளப்பது

மூடிய பாட்டிலில் அறை வெப்பத்தில் உருகவிடுங்கள். மூடியைத் திறந்துவைத்து உருக்குவது பெரிய தவறு. ஆவியாகும்போது இலேசான மூலக்கூறுகள் தப்பித்துப்போய், மிச்சம் கனமாகி, இல்லாத கோடை ஒன்று தோன்றிவிடும். உருகியதும் சின்னக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

முன்பெல்லாம் அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானி மட்டுமே. இப்போது பெரும்பாலும் லேசர் கருவிதான், ஆக்சிஜன்-18 ஐயும் டியூட்டீரியத்தையும் ஒரே நேரத்தில் தருகிறது. இதில் ஒரு குணம் உண்டு. முந்தைய மாதிரியின் ஈரம் உள்ளே கொஞ்சம் தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு மாதிரியையும் ஆறேழு முறை செலுத்தி, முதல் சில அளவுகளைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியை எடுக்க வேண்டும். வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை தரும் கடல்நீர்த் தரமும் அண்டார்க்டிக் பனித் தரமும் டெல்டா அளவுகோலின் இரண்டு முனைகள். பனித் தரம் ஆக்சிஜனில் மைனஸ் 55.5. உங்கள் மாதிரி இந்த இரண்டுக்கும் நடுவே விழும்படி, இவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த ஆய்வகத் தரங்களை வரிசையில் இடையிடையே வையுங்கள்.

மாதிரி கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஆக்சிஜனின் டெல்டாவை 8 ஆல் பெருக்கி டியூட்டீரியத்தின் டெல்டாவில் இருந்து கழியுங்கள். ஹார்மன் கிரெய்க் 1961-ல் காட்டியபடி உலகத்தின் மழைநீரில் இந்த மிச்சம் சராசரியாக 10. ஒரு மாதிரியில் மட்டும் பக்கத்து மாதிரிகளைவிட அது திடீரென்று கீழே இறங்கியிருந்தால் பாட்டில் மூடியைச் சந்தேகப்படுங்கள். இரண்டையும் அளப்பது வீண் செலவு என்று ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

படி 5: ஆண்டுகளை எண்ணுவது

இப்போது ஆழத்துக்கு எதிரே டெல்டாவை வரைந்தால் அலை அலையாக வரும். மேடு கோடை, பள்ளம் குளிர்காலம். லா டோமில் இந்த அலையின் உச்சி சராசரியாக ஜனவரி முற்பகுதியில் விழுகிறது. மேட்டில் இருந்து மேடு ஓராண்டு. சொல்ல இவ்வளவுதான். செய்யும்போதுதான் இதன் கஷ்டம் தெரியும்.

நான் முதன்முதலில் பொதுத் தரவு ஒன்றைப் பதிவிறக்கி எண்ணியபோது, ஓரிடத்தில் மேட்டின் நடுவே ஒரு சிறு பள்ளம் இருந்தது. இரண்டு மேடுகள் என்று எடுத்து இரண்டு ஆண்டுகளாகக் குறித்தேன். கணக்குப் போட்டால் அந்த இரண்டு ஆண்டிலும் பனிப்படிவு பாதி. பக்கத்தில் ‘வறண்ட காலம்’ என்று எழுதிவைத்தேன். பிறகு அதே ஆழத்தில் சல்ஃபேட்டைப் பார்த்தபோது ஒரே ஒரு மேடுதான் இருந்தது. வறட்சியே இல்லை. கோடையின் நடுவே ஒரு குளிர்ந்த புயல் வந்து இலேசான பனியைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஓராண்டைக் கூடுதலாக எண்ணினால் பொய் வறட்சி, ஓராண்டைத் தவறவிட்டால் இரு மடங்கு பொய்ப் பனி. மற்றக் காலநிலை ஆய்வில் எண்ணும் பிழை தேதியை மட்டும் நகர்த்தும். பனிப்படிவில் அது பதிலையே மாற்றிவிடும்.

அதனால்தான் ஐசோடோப்பை மட்டும் நம்பி எண்ணக் கூடாது. கடல் நுண்ணுயிரிகள் கோடையில் வெளிவிடும் கந்தகத்தால் சல்ஃபேட் கோடையில் உயரும். கடல் உப்பின் சோடியம் லா டோமில் குளிர்காலத்தில் உயரும். சூரிய ஒளியால் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு கோடையில் உயரும், கோமஸ் கோரில் அது பெரிய துணை. இவற்றை ஒரே தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரைந்து, எல்லாமும் ஒத்துப்போகும் ஆண்டைப் பேனாவால் குறியுங்கள், சந்தேகமானதைப் பென்சிலால். இருவர் தனித்தனியாக எண்ணி முடித்த பிறகுதான் ஒருவர் தாளை மற்றவர் பார்க்க வேண்டும்.

ஃபிர்னின் துளைகளில் நீராவி நகர்ந்துகொண்டே இருப்பதால் மேடும் பள்ளமும் காலப்போக்கில் மழுங்கும். லா டோம், கோமஸ் போன்ற இடங்களில் மழுங்கினாலும் அழியாது. ஆண்டுக்கு 200 மி.மீ.-க்குக் கீழே போகும் இடங்களில் ஆழத்துக்குப் போகப் போக அழிந்தே போகும்.

படி 6: ஆணியடிப்பது

எண்ணிக்கொண்டே போனால் பிழை சேரும். இடையிடையே தேதி தெரிந்த அடுக்குகள் ஆணி மாதிரி வேண்டும்.

மிக உறுதியான ஆணி அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்றது. ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பான டிரிட்டியம் அண்டார்க்டிகாவில் 1966 வாக்கில் உச்சம் தொட்டது. அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு என்பதால் இன்று அன்றிருந்ததில் முப்பதில் ஒரு பங்கு அளவே மிச்சம், இன்னும் அளக்க முடியும். பீட்டா கதிரியக்கத்தில் 1955, 1965 என்று இரண்டு எழுச்சிகள் தெரியும். நாட்காட்டியே இல்லாத இடத்தில்கூட 1965 அடுக்கில் இருந்து மேற்பரப்பு வரை உள்ள எடையை ஆண்டுகளால் வகுத்தால் ஒரு நல்ல சராசரி கிடைத்துவிடும். அவசரத்துக்கு இந்த ஒரு கணக்கே போதும் என்று சொல்லுமளவு நம்பகமானது.

அதற்கு முன்னால் போக எரிமலைகள். 1991 பினட்டுபோ, 1963 அகுங், 1883 கிரகடோவா, 1815 தம்போரா, 1257 சமலாஸ். வெடித்த அன்றே பனியில் விழாது. கந்தகம் மேல் வளிமண்டலத்தில் சுற்றி வந்து இறங்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும், தம்போராவின் தடயத்தை 1816 வாக்கில் தேட வேண்டும். இன்னும் பின்னே, 774-775 வாக்கில் சூரியனில் இருந்து வந்த ஒரு பெரும் துகள் வீச்சு, விண்ணில் இருந்து வரும் துகள்கள் வளிமண்டலத்தில் உண்டாக்கும் பெரிலியம்-10 இல் கூர்மையான உச்சமாக இரு துருவங்களிலும் பதிந்திருக்கிறது. மர வளையங்களில் அதைக் கண்டுபிடித்தது 2012-ல்தான். அதன் பிறகு சில கோர்களின் எண்ணிக்கையையே திருத்த வேண்டி வந்தது.

படி 7: எடைபோடுவது

ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு கோடை உச்சி 20.10 மீட்டரில், அதற்கு முந்தைய கோடை உச்சி 21.30 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். தடிமன் 1.20 மீட்டர். அந்தத் துண்டின் அடர்த்தி 550 கிலோ. பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 660 கிலோ. ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ தண்ணீர் ஊற்றினால் 1 மி.மீ. உயரம் நிற்கும், ஆகவே இது 660 மி.மீ. மழைமானியின் அதே அலகு.

இதோடு முடியவில்லை. பனிக்கட்டி தன் பாரத்தால் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் வழிகிறது, அடுக்குகள் சப்பாத்தி மாவு போல விரிந்து மெலிகின்றன. ஜான் நை முன்வைத்த எளிய மாதிரிப்படி, ஒரு ஆழத்தில் அடுக்கின் தடிமன் மேற்பரப்பில் இருந்ததோடு எந்த விகிதத்தில் இருக்கும் என்பது, அதற்குக் கீழே மிச்சமிருக்கும் பனிக்கட்டியும் மொத்தப் பனிக்கட்டியும் உள்ள விகிதமே. நம் அடுக்குக்கு மேலே இருக்கும் 20 மீட்டர் ஃபிர்னைக் கெட்டிப் பனிக்கட்டியாக மாற்றினால் சுமார் 11 மீட்டர். மொத்தம் 1,200. ஆக விகிதம் 0.991. 660 ஐ 0.991 ஆல் வகுத்தால் 666 மி.மீ. இங்கே திருத்தம் ஒரு சதவீதம்தான். 300 மீட்டரில் அதுவே நான்கில் ஒரு பங்காகிவிடும், அப்போது திருத்தாமல் விட்டால் பழங்காலம் முழுக்க வறண்டதாகத் தெரியும். அடிப்பாறையை நெருங்க நெருங்க இந்த எளிய மாதிரி போதாது, டான்ஸ்கார்டும் சிக்ஃபுஸ் யான்சனும் செய்த திருத்திய வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும்.

படி 8: ஒற்றை ஆண்டை நம்பாதீர்கள்

துருவப் பனியின் மேல் காற்று செதுக்கிய மேடுபள்ளங்கள் உண்டு, சாஸ்ட்ருகி என்று பெயர். சில பத்து செ.மீ. உயரம்கூட இருக்கும். உங்கள் துரப்பணம் மேட்டில் இறங்கியதா பள்ளத்தில் இறங்கியதா என்பதைப் பொறுத்து ஓராண்டின் அளவு கணிசமாக மாறும். ஒரு மேட்டுக்கு மறுவருடம் ஒரு பள்ளம் ஈடுகட்டும் என்பதால் ஐந்து, பத்து ஆண்டுச் சராசரி பேசத் தகுந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மூன்று சிறு கோர்கள் எடுத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது.

இப்படிப் பொறுமையாகச் செய்ததற்குக் கிடைத்த பரிசு ஒன்றைச் சொல்ல வேண்டும். டாஸ் வான் ஓமனும் வின் மோர்கனும் 2010-ல் லா டோமின் 750 ஆண்டுப் பதிவை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். 1970 வாக்கில் இருந்து அங்கே பனிப்படிவு வழக்கத்துக்கு மேல் கூடியிருந்தது. அதே காலத்தில்தான் மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் குளிர்கால மழை குறைந்து வறட்சி வந்தது. ஒரே காற்றோட்ட அமைப்பு ஈரக்காற்றை அண்டார்க்டிகாவுக்குத் தள்ளி, ஆஸ்திரேலியாவின் அந்த மூலைக்கு வறண்ட காற்றை அனுப்புகிறது. கோதுமை விளையும் அந்த நிலத்தில் இல்லாத மழைப் பதிவை, கடல் தாண்டியுள்ள பனிமேடு எழுதி வைத்திருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

படி 9: நாட்காட்டி அழிந்த இடங்களில்

கிழக்கு அண்டார்க்டிகாவின் உட்பகுதியில், டோம் சி-யில், ஆண்டுக்குச் சுமார் 25 மி.மீ. மட்டுமே. வஸ்தோக்கிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சில ஆண்டுகளில் ஒன்றுமே தங்காமல்கூடப் போகும். அலைகள் ஃபிர்னிலேயே அழிந்துவிடும். ஆனால் எட்டு லட்சம் ஆண்டு பழைய பனிக்கட்டி கிடைத்தது டோம் சி-யில்தான். அங்கே என்ன செய்வது?

ஒரு வழி, ஐசோடோப்பை வெப்பமானியாக எடுத்துக்கொள்வது. குளிர்ந்த காற்று குறைவான ஈரத்தையே தாங்கும். டியூட்டீரியம் தரும் வெப்பநிலையில் இருந்து காற்றின் ஈரத்தைக் கணித்து, அதில் இருந்து பனிப்படிவைக் கணிப்பார்கள். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் அங்கே இன்றைய அளவில் ஏறக்குறைய பாதிதான் சேர்ந்தது என்பது இப்படி வந்த முடிவு. இங்கே கவனம் வேண்டும். இப்படிக் கிடைத்த பனிப்படிவை எடுத்து ‘வெப்பம் கூடினால் பனியும் கூடுகிறது, பாருங்கள்’ என்று காட்டினால் அது சான்றாகாது. அந்த உறவை நாமே உள்ளே வைத்துத்தான் எண்ணை வெளியே எடுத்தோம். ஒரு பதிவைப் படிக்கும்போது பனிப்படிவு அடுக்கை எண்ணி வந்ததா, வெப்பநிலையில் இருந்து வந்ததா என்று முதலில் பாருங்கள். லா டோமும் கோமஸும் முதல் வகை, டோம் சி இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சுயேச்சையான சாட்சி வேண்டுமானால் பெரிலியம்-10 இருக்கிறது. விண்கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்கும் இந்த ஐசோடோப்பு தூசியில் ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய சீராக இறங்குகிறது. பனி குறைவாக விழுந்தால் அதே பெரிலியம் குறைந்த பனியில் செறியும். பனியுக அடுக்குகளில் அதன் செறிவு ஏறக்குறைய இரு மடங்காக இருப்பது ‘பாதிப் பனி’ என்ற முடிவோடு பொருந்துகிறது. சூரியனின் வீரியமும் பூமியின் காந்தப்புலமும் மாறினால் பெரிலியமும் மாறும் என்பதை மறக்கக் கூடாது. சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் காந்தப்புலம் சரிந்தபோது எழுந்த பெரிய உச்சத்துக்கும் பனிப்பொழிவுக்கும் சம்பந்தமில்லை. குமிழிக்குள் அடைபட்ட காற்றில் உள்ள கனமான நைட்ரஜனான நைட்ரஜன்-15, அன்றைய ஃபிர்னின் தடிமனைச் சொல்லும். அதுவும் வெப்பத்தையும் பனிப்படிவையும் சேர்த்தே சொல்வதால் மற்றதோடு வைத்துப் பார்க்கத்தான் உதவும்.

நீங்களே செய்து பார்க்க

துரப்பணமும் குளிரறையும் இல்லாதவர்களும் 5-ஆம் படியில் இருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் நோவா அமைப்பின் தொல்காலநிலைத் தரவகத்திலும் ஆஸ்திரேலிய அண்டார்க்டிகத் தரவு மையத்திலும் ஐஸ் கோர் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மேல் 50 மீட்டர் மட்டும் போதும். கணினி விரிதாளில் ஆறு பத்திகள் வையுங்கள். மேல் ஆழம், கீழ் ஆழம், டெல்டா, அடர்த்தி, நீங்கள் கொடுத்த ஆண்டு, அந்த ஆண்டின் மேல் உங்களுக்குள்ள நம்பிக்கை. ஆறாவது பத்தியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். பென்சிலில் குறித்த ஆண்டுகளை எல்லாம் சேர்த்து ஒரு முறையும் நீக்கி ஒரு முறையும் பத்தாண்டுச் சராசரியைக் கணக்கிடுங்கள். இரண்டு விடைகளுக்கும் உள்ள இடைவெளிதான் எண்ணும் பிழை. அதோடு அடர்த்திப் பிழையையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் எண்ணிக்கை பினட்டுபோவின் சல்ஃபேட் மேட்டை 1992 வாக்கிலும் அகுங்கை 1964 வாக்கிலும் தொட்டால், அடுத்த 50 மீட்டருக்கு இறங்கலாம்.